தங்கையன் அண்ணன் நடந்த வழி

பால் உப்புக் கரித்தது.

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நம்ப முடியாமல் இன்னொரு சொட்டு. கரிப்பேதான். மேசைக்கு அந்தப் பக்கம் எஸ்தர் அக்கா தூக்குவாளியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் போயிருந்தது. பால் வண்டி வரக் கால் மணி நேரம்கூட இல்லை.

"என்னத்தக் கலக்குனிய அக்கா?" என்று கேட்டேன்.

மெதுவாகக் கேட்டிருக்கலாம். என் தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. வரிசை முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எஸ்தர் அக்கா கணவரை இழந்தவள். ஒரே ஒரு பசுவை வைத்து இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சங்கத்தில் பால் ஊற்ற ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு தரம்கூட என் வாயில் விழாத ஆள் அவள் ஒருத்திதான்.

அவள் சண்டை போடவில்லை. வாளியை மூடி எடுத்துக்கொண்டாள். "நீ வந்து எனக்கப் பசுவப் பாத்துட்டுப் பேசு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓட்டை விழுந்த சேலைகள்

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நான் உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில் பால் சங்கத்துச் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய நாற்காலி என்று நினைக்க வேண்டாம். பாலை அளப்பதும் நான், சோதிப்பதும் நான், கேன் கழுவ ஆள் வராவிட்டால் கழுவுவதும் நான்.

பாலில் கொழுப்பு பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயில் அமிலம் விட வேண்டும். கை கொஞ்சம் தவறினால் போதும், சேலையில் பொத்தல். அந்த நாட்களில் என்னிடம் பொத்தல் இல்லாத சேலை என்று இருந்தது கல்யாணச் சேலை ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போக முடியுமா?

நான் களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்ப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டவள். நாலு மைல் தூரம்தான், ஆனால் மாநிலம் வேறு. வந்த புதிதில் அரசாங்கக் கடிதம் மலையாளத்தில் வரும், எனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ஊரிலோ வீட்டுக்குள் தமிழ், ரோட்டில் மலையாளம், சண்டை என்றால் இரண்டும் கலந்து. சங்கத்துச் சுவரில் இருந்த கரும்பலகையில் எல்லாவற்றையும் இரண்டு தரம் எழுத வேண்டியிருக்கும். இடது பாதி மலையாளம், பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு. வலது பாதி தமிழ், வேதப்புத்தகத்தைப் பார்த்து எழுத்துப் படித்தவர்களுக்கு. மலையாள எழுத்தை நான் கற்றுக்கொண்டதே அந்தப் பலகையில்தான். சிரிக்காதவர்கள் பாக்கியில்லை.

எங்கே விட்டேன்? எஸ்தர் அக்கா வீடு.

பால் வண்டியை அனுப்பிவிட்டு நேராக அங்கே போனேன். தொழுவம் என்றால் அதுதான் தொழுவம். தரையில் சாணம் ஒட்டாது, உட்கார்ந்து சாப்பிடலாம். பசு ஒரு பின்னங்காலை அகற்றி வைத்துக்கொண்டு நின்றது. மடியைத் தொட்டேன். ஒரு பக்கம் கெட்டித்துப்போய், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது. பசு காலைத் தூக்கியது. எஸ்தர் அக்கா தன் கறுப்பு முந்தானையை விரித்துப் பிடித்து அந்தக் காம்பை இரண்டு தரம் பீச்சினாள். துணியில் பால் இறங்கிவிட்டது, மேலே திரிதிரியாக வெள்ளைக் கட்டிகள் நின்றன.

மடிவீக்கம். அவள் எதையும் கலக்கவில்லை. நோய்தான் பாலுக்கு உப்பைக் கொடுத்திருந்தது.

எத்தனையோ பாலைச் சோதித்தவள் நான், எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். மன்னிப்புக் கேட்க இரண்டு நாள் பிடித்தது. கேட்டபோது அவள், சரி போட்டும் என்றாள். அந்த 'போட்டும்' என்னை அடித்ததுபோல யாரும் அடித்ததில்லை.

கேன்கள் குறைந்தன

பிறகு ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரு வீட்டுப் பசுவுக்கு மடி வீங்கும், நாலு நாள் கழித்து இன்னொரு வீட்டில். வீங்காத பசுக்களும் காரணம் சொல்லாமல் பாலைக் குறைத்தன. என் வீட்டுப் பசுவும் தப்பவில்லை. காலையில் மூன்று கேன் நிறைந்த சங்கத்தில் இரண்டாவது கேனே தளும்பாமல் வண்டி ஏறியது. கண்ணேறு என்றார்கள். புண்ணாக்கு சரியில்லை என்றார்கள். புதுப்புல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் நோட்டீஸ் அடிக்காத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தப் பசுக்களுக்குள் ஒரே ஒரு ஒற்றுமைதான். எல்லாவற்றையும் கறந்தவர் தங்கையன் அண்ணன்.

எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் பசு வளர்ப்பவர்கள் தாங்களே கறக்க மாட்டார்கள். கறவைக்காரர் வருவார். தங்கையன் அண்ணனுக்குப் பதினோரு வீடு. பன்னிரண்டாவதாகத் தன் வீட்டுப் பசு. ஐம்பது வயது இருக்கும், ஒடிசலான உடம்பு, கறக்கப் போகும்போதும் வெள்ளைச் சட்டை. வீடு மாறலாம், மழை மாறலாம், அவர் வரும் நேரம் மாறாது. ஐந்தாவது வீடு எங்களுடையது. அவர் படலைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஐந்தரை என்று அர்த்தம்.

அந்த விரல்களைப் பற்றி எழுதாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. கன்றைக் குடிக்கவிட்டு, இழுத்துக் கட்டி, அவர் குந்தியதும் பசு அசை போடத் தொடங்கிவிடும். உதைக்கிற பசு என்று பேர் எடுத்ததெல்லாம் அவரிடம் கால் தூக்காது. பாத்திரத்தில் பால் விழும் சத்தம் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி சீராக இருக்கும். மடியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார். அதிகமாக ஒரு இழுப்பும் இழுக்க மாட்டார். அப்படி ஒரு கறவையை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

விரல் வழுக்கக் கறவைக்காரர்கள் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். மற்ற கறவைக்காரர்கள் வீட்டுக்கு வீடு எண்ணெய் கேட்பது வழக்கம். தங்கையன் அண்ணன் கேட்க மாட்டார். தினமும் கழுவித் துடைத்து இடுப்பில் செருகிய ஒரு சின்ன அலுமினியச் செப்பில் தன் சொந்தத் தேங்காய் எண்ணெயைப் புதிதாக ஊற்றிக் கொண்டுவருவார். கறக்கப் போன இடத்தில் எண்ணெய்க்குக் கை நீட்டக் கூடாது என்பது அவருடைய கௌரவம். பன்னிரண்டு பசுவுக்கும் அந்த ஒரே செப்பு. ஊரே அதைப் புகழும். நானும் புகழ்ந்திருக்கிறேன்.

சோப்புப்பொடிப் பரிசோதனை

மிருக ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்தாள். காட்டாக்கடைப் பக்கத்துப் பெண், படித்து முடித்து வந்த புதிது, மலையாளம் மட்டும் பேசுவாள். கையில் நாலு குழி உள்ள ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பாட்டிலில் துணி துவைக்கும் சோப்புப்பொடி கரைத்த தண்ணீர். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவள் ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒரு குழியில் பால் பீச்சி, அதே அளவு சோப்புத்தண்ணீரை விட்டுத் தட்டைச் சுழற்றினாள். நல்ல பால் தண்ணீராகவே சுற்றியது. நோய்ப்பால் இளநுங்கு மாதிரிக் கட்டிக்கொண்டு வழுக்கியது.

வீங்கினால்தான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வெளியே ஒன்றும் தெரியாமலே மடிக்குள் இது உட்கார்ந்து பாலைத் தின்னும் என்று அவள் சொன்னாள். எங்கள் கேன் எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

ரோடு போன போக்கில் வீடு வீடாகப் போனோம். அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். தங்கையன் அண்ணனும் கூடவே வந்தார், பசுக்களைப் பிடிக்க. பாஸ்கரன் வீட்டுத் தொழுவத்தில் சாணி கணுக்கால் வரை, பசுவுக்கு ஒன்றும் இல்லை. எஸ்தர் அக்காவின் தொழுவம் கோவில் மாதிரி, பசுவுக்கு நோய். அழுக்கிலிருந்து வருவது என்றல்லவா படித்தேன் என்று டாக்டர் குழம்பினாள்.

எனக்குக் குழப்பம் இல்லை. எஸ்தர் அக்கா வீட்டுப் படலைத் தாண்டும்போதே தாளில் இருந்த வீடுகளின் வரிசையைப் பார்த்துவிட்டேன். பாஸ்கரன் வீடு தங்கையன் அண்ணன் முதலில் கறக்கும் வீடு. தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.  அந்த மனிதரின் பிழைப்பு என் கைக்குள் நாலாக மடிந்து கிடந்தது.

கடைசியில் அவர் வீட்டு முற்றம். அவருடைய சொந்தப் பசுவின் பால்தான் எல்லாவற்றையும்விடக் கெட்டியாகக் கட்டியது, இரண்டு காம்பில். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

தங்கையன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "மக்கா, நான் வீடு சொல்லுதேன். நீ உண்டா இல்லியான்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். பாஸ்கரன் வீடு, இல்லை. அடுத்தது, இல்லை. மூன்றாவது, இல்லை. நாலாவது சரோஜினி அக்கா வீடு, உண்டு. ஐந்தாவது எங்கள் வீடு, உண்டு. ஆறு, உண்டு. ஏழு, சோதிக்கப் பால் இல்லை, மடியில் வீக்கமும் இல்லை. எட்டு எஸ்தர் அக்கா, உண்டு. ஒன்பது, பத்து, பதினொன்று, உண்டு, உண்டு, உண்டு. ஒவ்வொரு 'உண்டு'க்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

ஏழாவது பசுவின் மடிக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்று டாக்டர் கேட்டாள்.

"அது சினையா நிக்குது. கறவ வத்தி ரெண்டு மாசம் ஆச்சு. நான் கை வைக்கல்ல," என்றார். பிறகு மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னார். "டாக்டரே, இது நான் நடந்த வழியாக்கும்."

நான் அதை மலையாளத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. உங்கள் எண்ணெயைக் காட்டுங்கள் என்றாள். இடுப்பிலிருந்து செப்பை எடுத்துக் கொடுத்தார். நோய் உள்ள காம்பைத் தொட்ட விரல் எண்ணெய்க்குள் போகும், எண்ணெய் தொட்ட விரல் அடுத்த பசுவுக்குப் போகும். அவ்வளவுதான் கதை. சரோஜினி அக்காவின் பசு புதிது, காட்டாக்கடைச் சந்தையில் வாங்கியது. நோயை அதுதான் கொண்டு வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தவறு உங்களுடையது இல்லை, பசு கொண்டுவந்தது என்று இரண்டு தரம் சொன்னாள்.

நல்ல பெண். தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தாள். நானாக இருந்தால் ஓடியே போயிருப்பேன்.

அவர் போகவில்லை. "பசு வீடு வீடா நடந்து போவல்ல டாக்டரே," என்றார். "நானாக்கும் போனேன்."

பேர் எங்கே?

மறுநாள் கரும்பலகையில் எழுதச் சொல்லி அவரே வந்து நின்றார். ஊருக்குத் தெரிய வேண்டும், எல்லாரும் பசுவைச் சோதிக்க வேண்டும், கறக்கிறவன் கையைக் கழுவ வேண்டும், எண்ணெய் வேண்டாம். சரி என்று சாக்கட்டியை எடுத்தேன். இரண்டு மொழியிலும் எழுதினேன்: கறவைக்காரரின் கை வழியாக மடிவீக்கம் பரவியிருக்கிறது, எல்லாரும் கவனமாக இருக்கவும்.

அவர் வலது பாதியை, எழுத்துக்கூட்டி, மெதுவாக வாசித்தார்.

"பேரு எங்க?"

"பேரு எதுக்கு அண்ணா?"

"இந்தச் சுத்துவட்டாரத்துல கறவக்காரன் நான் ஒருத்தன் மட்டுமா? நாளைக்கி மத்தவன் ஒரு முத்தத்துல போய் நிக்கும்போ, நீயாக்கும் கொண்டு வந்தவன்னு வெரட்டுவாவ. அவனுக்கும் பிள்ளைய உண்டு. எனக்கப் பேர எழுது மக்கா."

நான் அவருக்குச் சாதகமாக எழுதியதாக நினைத்திருந்தேன். உண்மையில் அவரைக் காப்பாற்ற நாலு பேரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அழித்துவிட்டு, 'தங்கையன்' என்று எழுதினேன். மலையாளத்திலும் எழுது என்றார். எழுதினேன்.  என் ஆயுளில் எத்தனையோ பெரிய மனிதர்களை மேடையில் பார்த்தாயிற்று. எனக்குப் பெரிய மனிதர் என்றால் சாக்கட்டித் தூள் பறக்க அந்தப் பலகைக்கு முன்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர்தான்.

அதோடும் விடவில்லை. அன்று சாயங்காலம் பதினோரு வீட்டுக்கும் நடந்து போய் அவரே வாயால் சொன்னார்.

ஏழு வீட்டில் இனி வர வேண்டாம் என்றார்கள்.

அந்த ஏழில் எங்கள் வீடும் ஒன்று. என் வீட்டுக்காரர்தான் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். காரணம் கேட்கிறீர்களா? எங்கள் பசுவின் ஒரு காம்பு தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். எனக்கும் கோபம். காலையில் பேரை எழுதிவிட்டுக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றவள், சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஆறாவது வீட்டுக்குப் போனார்.

எஸ்தர் அக்காவின் வெந்நீர்

டாக்டர் காம்புக்குள் ஏற்றும் மருந்து கொடுத்தாள். மருந்து போட்ட நாட்களில் அந்தப் பாலைச் சங்கத்தில் வாங்கக் கூடாது. அந்தக் கெடு முடிந்ததைச் சொல்ல ஒரு விடியற்காலை எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பசுவுக்கு ஒரு காம்பு நிரந்தரமாகப் போய்விட்டது. மூன்று காம்புப் பசு. இரண்டு பெண்களின் படிப்பும் இனி அந்த மூன்று காம்பில்தான்.

முற்றத்தில் ஒரு வாளி வெந்நீர், சோப்பு, வெயிலில் உலர்த்திய ஒரு துண்டு. தங்கையன் அண்ணன் குந்தி உட்கார்ந்து முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். இடுப்பில் செப்பு இல்லை. முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடியைக் கழுவித் துடைத்து, அப்புறம்தான் கறக்க உட்கார்ந்தார். மருந்தில் தெளிந்த பசுக்களை முதலிலும் தெளியாததைக் கடைசியிலும் கறக்கிறார் என்று எஸ்தர் அக்கா சொன்னாள். இருக்கிற நாலு வீட்டுக்கு அவ்வளவு ஒழுங்கு.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்களுக்கு அவர்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? ரெண்டு நாளு அவருக்க மொவத்துல முழிக்கல்ல." பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள். "பொறவு யோசிச்சேன். வேற ஆளு வந்தா, அவன் கையக் கழுவுவானா இல்லியான்னு நான் நித்தமும் பக்கத்துல நின்னு பாக்கணும். இவருக்கு நான் நின்னு பாக்கண்டாம்."

என் வீட்டில் அப்போது நிலைமை வேறு. என் வீட்டுக்காரரே கறக்கத் துணிந்து, பசு விட்ட உதையில் முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு திரிந்தார். பால் பாதிகூட இறங்கவில்லை. எஸ்தர் அக்கா சொன்னதை அவரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், என் வழக்கமான தொண்டையில். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிடு என்றார். நீங்கள்தானே வேண்டாம் என்றது என்றேன். இரண்டு பேருமாகப் போனோம்.

தங்கையன் அண்ணன் தன் பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அதன் இரண்டு காம்பும் வற்றிவிட்டிருந்தன, விற்காமல் வைத்திருந்தார். நாங்கள் தப்புச் செய்துவிட்டோம், நாளையிலிருந்து வர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் வாயில் அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அண்ணன் பசுவின் முதுகில் இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் விட்டார்.

"வாறேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா மக்கா, உனக்கப் பசுவுக்க ஒரு காம்பு இன்னும் தெளியல்லல்லா. பழைய மாதிரி அஞ்சரைக்கி வர முடியாது. எல்லா வீட்டுலயும் கழுவித் தொடச்சுக் கறந்து முடிக்க வெயிலேறும், கடைசியாத்தான் வருவேன். செயலாளருக்க வீடுன்னு பாக்க மாட்டேன், கேட்டியா?"

கேட்டேன் என்றேன்.

மறுநாள் பால் வண்டியை அனுப்பி, கேன் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அண்ணன் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் படலைப் பார்த்தபடி, அவர் கை கழுவுவதற்கான வெந்நீரை மூன்றாம் தரம் சூடாக்கிக்கொண்டிருந்தார்.